மஹ்னாஸ் விளையாடியதைப் பார்த்தவர்கள்

1

எங்கள் விளையாட்டுச் சங்கத்தின் வெள்ளி விழா முடிந்து மூன்று மாதமாகிறது, விழா மலர் இன்னும் வெளிவரவில்லை. எங்கள் சங்கங்களில் விழா முந்தியும் மலர் பிந்தியும் வருவதுதான் வழக்கம். அதற்காக நான் கோபிக்கவில்லை. போன கிழமை மலர்க் குழுவிலிருந்து வந்த குரல்பதிவுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"ரஞ்சியக்கா, எங்கட விழாவில அந்த ஈரான் பிள்ளை விளையாடினதைப் பற்றி ஒரு ரெண்டு பக்கம் இனிமையா எழுதித் தாங்கோ. படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை. உங்களிட்ட இருந்தா அதையும் சேர்த்து அனுப்புங்கோ."

இனிமையாக எழுத வேண்டுமாம். படமும் வேண்டுமாம். கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பதிவை இன்னொரு முறை கேட்டேன். நடந்தது ஒன்றும் தெரியாமல் பேசுகிற பிள்ளையா, தெரிந்துகொண்டே பேசுகிற பிள்ளையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

எழுதுகிறேன். ஆனால் மலருக்கு அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கதையில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அது என்னவென்று போகப் போகச் சொல்கிறேன்.

என் வீடு கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில். வேலை பக்கத்து ஊரான பார்க்கிங்கில். ஊரில் இருக்கிற என் மச்சாள் நான் ஏதோ கார் நிறுத்துமிடத்தில் ரிக்கற் கிழிப்பதாகவே பல வருடம் நம்பியிருந்தாள். இல்லை, அது ஊரின் பெயர். அங்கே ஒரு விளையாட்டு நிலையத்தில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நீச்சல் குளத்துக்குப் பணம் வாங்குவது, தொலைந்த துவாய்க்கு ஏச்சு வாங்குவது, உள்ளக மண்டபத்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்று பார்ப்பது, இவைதான் என் ஷிப்ட்.

2

இனி வரப்போகும் பெயர்கள் எல்லாம் நான் மாற்றியவை. ஊரை, தொழிற்சாலையை, வயதை, முறையைக்கூட அங்கங்கே மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரென்று கண்டுபிடித்துவிட்டேன் என்று தயவுசெய்து ஒருவரும் கருத்துப் பகுதியில் வந்து கெட்டித்தனம் காட்ட வேண்டாம்.

மஹ்னாஸ் ஒரு குளிர்காலத்தில் வந்தாள். முதியவர்களின் பூப்பந்து முடிந்து மண்டபம் வெறுமையாக இருக்கும் மதிய நேரம். தனி ஆளுக்கு அரை மணி நேரம் தர முடியுமா என்று கேட்டாள். விதிப்படி தர முடியாது. முழு மண்டபமாகத்தான் எடுக்க வேண்டும். கணினியில் அப்படித்தான் பெட்டி இருக்கிறது. அவளுடைய சப்பாத்தைப் பார்த்தேன். பக்கவாட்டில் தேய்ந்த கூடைப்பந்துச் சப்பாத்து. "போய் விளையாடு, ஆரும் வந்தால் வெளியில வா" என்று என் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினேன்.

கண்ணாடிக் கதவுக்குள்ளால் பார்த்தேன். நானும் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்து அணியில் விளையாடியவள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுபவர்கள் பந்தைப் பார்ப்பார்கள்; கொஞ்சம் தேறியவர்கள் கூடையைப் பார்ப்பார்கள். அவள் இரண்டையும் பார்க்கவில்லை. வெறும் மண்டபத்தில் இல்லாத ஆட்களைப் பார்த்துக்கொண்டு, அவர்களை வெட்டி, இல்லாத ஒருத்திக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மேசையில் தொலைபேசி அடிப்பதும் எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கிழமையில் இரண்டு நாள் வருவாள். முடிந்ததும் மேசையடியில் நின்று பேசுவோம். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் கடன் வாங்கியதுதான் என்பதால் ஒருவரை ஒருவர் திருத்த மாட்டோம். பாசமாக அழைக்க அவர்கள் மொழியில் பெயரோடு 'ஜான்' சேர்ப்பார்கள். ரஞ்சி ஜான், ரஞ்சி ஜான் என்பாள். இதைக் கேட்ட ஒருவர் என் கணவர் பெயர் ஜோன் என்று முடிவுகட்டி, நாங்கள் எப்போது கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினோம் என்று விசாரித்தார். நாங்கள் பரம்பரையாகவே வேதக்காரர் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒருநாள் அவளிடம், நீ அங்கே விளையாடிய படம் ஒன்று காட்டு என்று கேட்டேன். இல்லை என்றாள். கைபேசியில் இல்லையா என்றேன். எங்குமே இல்லை என்றாள்.

எனக்கு அது புதினமாக இருக்கவில்லை. என்னிடமும் இல்லை. எங்கள் அணி வடமாகாணப் போட்டியில் வென்றபோது எடுத்த படம் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதில் என் பக்கத்தில் நின்றவள் பிறகு இயக்கத்துக்குப் போனாள். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த ஒரு காலையில் அம்மா அந்தப் படத்தைச் சட்டத்தோடு கழற்றி அடுப்பில் வைத்தார். படத்தில் நின்ற எல்லாப் பிள்ளைகளும் எரிந்தார்கள், நானும்தான். முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் ஊரே வரிசையில் நின்ற காலம் அது. அவன் தலை அசைந்தால் ஆள் இல்லை. ஒரு படம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பது எங்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தரவேண்டிய விஷயம் அல்ல. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3

ஈரானில் கூடைப்பந்துக் கழகம் என்பது எங்கள் ஊர்ப் பொடியள் சேர்ந்து தொடங்குகிற சனசமூக நிலையக் கழகம் போன்றதல்ல. அதற்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையோ, சுரங்கமோ, இரசாயன ஆலையோ, நகரசபையோ இருக்கும். தொழிற்சாலை ஒப்பந்தம் எழுதும், பஸ் தரும், சட்டை தரும். மேலாளர் மாறி, புதியவருக்கு விளையாட்டில் மனமில்லை என்றால் கழகம் ஒரு நாளில் கலைந்துபோகும். ஆட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆலையைத் தேடிப் போவார்கள்.

ஆண்கள் அணிகளுக்கு அமெரிக்காவிலிருந்தெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வருவார்கள். தொலைக்காட்சி வரும். அவர்களுடைய நாட்டு அணி ஆசியாவிலேயே முதலாவதாக வந்தது. மஹ்னாஸ் அந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், பெருமையாகத்தான் சொல்லுவாள்.

அவள் விளையாடியது ஒரு சீமெந்துத் தொழிற்சாலைக் கழகத்துப் பெண்கள் அணியில். அவர்களுடைய லீக் ஆட்டங்களுக்கு ஆண்கள் வர முடியாது. நடுவரும் பெண், பயிற்றுநரும் பெண், பார்ப்பவர்களும் பெண்கள். ஆண்கள் இல்லாத மண்டபம் என்றபடியால் உள்ளே தலையை மூடாமல் ஆடலாம். அதனால் வாசலில் எல்லோருடைய கைபேசியையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அதுதான் படம் இல்லாத கதை. அவள் பன்னிரண்டு பருவம் ஆடினாள். பார்த்தவர்களின் கண்ணில் இருப்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவர். அவளைச் சிறுவயதில் பந்து எடுக்க வைத்ததே அவர்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரில் கொண்டுபோய் விடுவார். மண்டபத்துக்கு வெளியே காருக்குள் இருப்பார். உள்ளேயிருந்து வரும் சத்தத்தை வைத்து ஆட்டம் எப்படிப் போகிறது என்று கணக்குப் பார்ப்பார். வீட்டுக்குத் திரும்பும்போது, "கடைசிப் பகுதியில் களைத்துவிட்டாய் போல, பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே" என்பாராம். அவர் ஒரு ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக்குப் போய் விளையாடலாம் என்றால், அதற்குத் தலையை மூட வேண்டும் என்றது அவளுடைய நாடு. தலையை மூடினால் மைதானத்தில் இறங்க முடியாது என்றது உலகக் கூடைப்பந்து விதி. அங்கே திறந்தால் குற்றம், இங்கே மூடினால் குற்றம். கோட்டு சூட்டுப் போட்ட ஆண்கள் இரண்டு பக்கமும் இருந்து பெண் பிள்ளையின் தலைமயிரைப் பற்றித் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவளுடைய நல்ல வயது முழுவதும் போய் முடிந்தது. பிறகு சில வருடங்களுக்கு முன்னர் உலக விதியை மாற்றினார்கள். மஹ்னாஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பயன் அவளுடைய தங்கைக்குத்தான். இலாஹே என்று பெயர். அக்காவின் பழைய கழகத்திலேயே விளையாடுகிறாள். இந்த வருடம் நாட்டு அணியின் பயிற்சி முகாமுக்கு அவளை அழைத்திருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து வெளிநாட்டு மைதானத்தில் இறங்கப்போகும் முதல் ஆள். மஹ்னாஸ் அந்தச் செய்தியை எனக்குச் சொன்ன நாளில் மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். வரிசையில் நின்ற கிழவர் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்.

மஹ்னாஸ் ஏன் நாட்டைவிட்டு வந்தாள் என்பதை நான் எழுதமாட்டேன். வந்துவிட்டாள், இங்கே இருக்க அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் இங்கே செய்கிற ஒவ்வொன்றுக்கும் அங்கே இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். இதுவும் எங்களுக்குப் புதினமில்லை.

4

எங்கள் விளையாட்டுச் சங்கத்துக்குச் செயலாளர் தவராசா அண்ணை. நல்ல மனிதர் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். இங்கே செத்த வீடு என்றால் முதலில் வந்து நிற்பவர், ஊர் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கி அனுப்பியவர். அவரிடம் ஒரு வருத்தம், ஒரு நோய் இருக்கிறது, அது எங்கள் எல்லோரிடமும் இருக்கிற வருத்தம். யாராவது ஒரு பிள்ளை ஒரு பதக்கம் வாங்கினால், பட்டம் பெற்றால், மேடையில் ஏறினால், உடனே படம் எடுத்து அந்தப் பிள்ளையின் ஊர்ப் பக்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும். உங்களுக்குத் தெரியும், இப்போது ஒவ்வொரு ஊருக்கும் முகநூலில் ஒரு பக்கம் இருக்கிறது. மரண அறிவித்தலுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் 'லண்டனில் சாதனை படைத்த எமது மண்ணின் மகள்' என்று வரும். நீங்கள் கை கூப்புவீர்கள், பூ போடுவீர்கள். எத்தனை பூ விழுந்தது என்று இங்கே சங்கக் கூட்டத்தில் வாசிப்பார்கள்.

வெள்ளி விழாவுக்குப் பெண் பிள்ளைகளின் காட்சி ஆட்டம் ஒன்று வைத்தார்கள். எங்கள் சங்கத்துப் பிள்ளைகளும் இன்னொரு தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகளும். என் மகள் அபிராவும் எங்கள் அணியில் இருந்தாள். மஹ்னாஸ் முதல் பாதியில் மட்டும் எங்கள் பிள்ளைகளோடு இறங்கினால் நன்றாக இருக்கும் என்று தவராசா அண்ணைதான் வந்து கேட்டார். மஹ்னாஸ் யோசித்தாள். ஐந்து பேராகச் சேர்ந்து விளையாடி வருடக்கணக்காகிவிட்டது என்றாள். பிறகு இரண்டு நிபந்தனை சொன்னாள். படம் எடுக்கக்கூடாது. பெயர் சொல்லக்கூடாது.

நான் அதைத் தவராசா அண்ணையிடம் தமிழில் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். தங்கையைப் பற்றியும் சொன்னேன்.

"ஓம் ஓம், விளங்குது. எங்களுக்குச் சொல்லவேணுமே உதெல்லாம்? நாங்கள் படாததே?" என்றார்.

அந்த 'நாங்கள் படாததே' என்ற சொல்லை நம்பித்தான் அவளை இறங்கச் சொன்னேன்.

விழா நடந்தது எங்கள் நிலையத்து மண்டபத்தில்தான். அன்று எனக்கு ஷிப்ட் இருந்தது. மங்கல விளக்கேற்றி, வாழ்த்துரை மேல் வாழ்த்துரையாக வந்து, பிள்ளைகளுக்குக் கால் மரத்துப்போன பிறகு ஆட்டம் தொடங்கியது. மேசையை மற்றப் பிள்ளையிடம் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவடியில் நின்றேன்.

நான் பார்த்ததை எப்படி எழுதுவது? குறுகிய கைச் சட்டை, பின்னால் இறுக்கிக் கட்டிய தலைமயிர். எங்கள் பிள்ளைகளுக்கு அவள் பந்தைத் திணிக்கவில்லை. அவர்கள் ஓடிப்போய்ச் சேருவதற்குள் பந்து அங்கே காத்திருந்தது. அபிரா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் மறிக்காத இடத்தில் தனியாக நின்றாள், கையில் பந்து இருந்தது, போட்டாள், விழுந்தது. அவள் திரும்பி மஹ்னாஸைப் பார்த்தாள். மஹ்னாஸ் ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கி. அறிவிப்பாளர் எங்கள் தமிழில், ஏற்ற இறக்கத்தோடு, அவளுடைய முழுப் பெயரைச் சொன்னார். கழகத்தின் பெயரைச் சொன்னார். "ஈரான் மண்ணின் வீராங்கனை, கட்டுப்பாடுகளை உடைத்தெறிந்து இன்று நம் மத்தியில்" என்றார். காப்புறுதிப் படிவத்துக்குப் பெயரும் முன்பு ஆடிய கழகமும் வேண்டும் என்று சங்கம் என்னிடம் கேட்டு வாங்கியவை அவை. மஹ்னாஸுக்குத் தமிழ் தெரியாது. சனம் கைதட்ட, அவளும் பந்தைத் தட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். மேலே பார்த்தேன். மாடியில் வீடியோக்காரர் மூன்று கால் தாங்கியில் கமராவை வைத்து நின்றார்.

தவராசா அண்ணையைப் போய்ப் பிடித்தேன். "என்ன அண்ணை இது?"

"பிள்ளை, பதட்டப்படாதையும். இது எங்கட ஆக்களுக்கு மட்டும்தான். வெளியில போகாது."

வீடியோக்காரரிடம் போனேன். "எனக்கு முழு விழாவும் எடுக்கச் சொல்லித்தான் காசு தந்தவை. செயலாளரைக் கேளுங்கோ" என்றார். எங்கள் முகாமையாளரிடம் போனேன். மண்டபம் தனியார் நிகழ்ச்சிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, படம் எடுப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு என்று அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நீ உன் மேசைக்குப் போ என்றார். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார், அவர் எப்போதும் பக்கத்து அறையில்தான் இருப்பார்.

5

ஒரு கிழமை கழித்து அது வெளியில் போனது. அபிராதான் முதலில் கண்டாள். கைபேசியை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். சங்கத்தின் முகநூல் பக்கத்தில் முதல் பாதி முழுவதும், வெட்டாமல், இசை சேர்த்து. மேலே அவளுடைய பெயர் ஆங்கிலத்தில். அதோடு நிற்கவில்லை. தவராசா அண்ணை தேடித் தேடி அந்தச் சீமெந்துத் தொழிற்சாலைக் கழகத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்து, அவர்களுடைய எழுத்தில் இருந்த பெயரை அப்படியே ஒட்டி, அவர்களுக்கும் போய்ச் சேரும்படி இணைத்திருந்தார்.

ஏன் தெரியுமா? அவளுக்கும் ஒரு ஊர்ப் பக்கம் வேண்டாமா? எங்கள் பிள்ளைகளுக்குச் செய்வதை அவளுக்கும் குறைவைக்காமல் செய்திருக்கிறார். உலகத்தில் வேறு எந்த இனமும் இந்தப் பிழையை இவ்வளவு பாசமாகச் செய்யாது.

ஊரிலிருந்து நீங்களும் பூப் போட்டிருந்தீர்கள். வரிசை வரிசையாக வாழ்த்து. 'வீரத்தமிழச்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசிக்காமலே பூப் போடுகிறவர்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல.

இலாஹேயைக் கழக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கணினியைத் திருப்பி வைத்து, இது உன் அக்காவா என்று கேட்டார்கள். 'கட்டுப்பாடுகளை உடைத்தெறிந்து' என்ற எங்கள் அறிவிப்பாளரின் வசனத்தை யாரோ மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். உன் அக்காவுக்குத் தெரியாமலா இது நடந்தது என்று கேட்டார்கள். நாட்டு அணி முகாமிலிருந்து பெயரை எடுத்தாயிற்று. கழகத்திலும் வரும் பருவத்துக்கு ஒப்பந்தம் இல்லை.

மஹ்னாஸ் மேசையடிக்கு வந்து இதைச் சொன்னபோது பந்து கொண்டுவரவில்லை. என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. "உங்கள் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, ரஞ்சி ஜான். கெட்டவர்களாக இருந்திருந்தால் நான் கவனமாக இருந்திருப்பேன்" என்றாள். அகதிகளுக்கான உதவி எண் ஒன்றுக்கு நான் தொலைபேசி எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, ஈரானில் இருக்கும் ஒருவருக்கு நடப்பது தங்கள் எல்லைக்கு வெளியே என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார்கள்.

6

குட்மேய்ஸில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற தவராசா அண்ணையை நான் பிடித்தேன். வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். மாட்டேன். நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் கடை வாசலில் வைத்துக் கேட்டேன்.

"அண்ணை, நான் உங்களுக்குச் சொன்னனானோ இல்லையோ?"

"என்ன தங்கச்சி, ஏன் இப்பிடிக் கத்துறீர்?"

"படம் வேண்டாம், பேர் வேண்டாம் எண்டு சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீர். ஆனா பாரும், அந்தப் பிள்ளைக்கு அங்கை ஒரு மதிப்பு வரட்டுமெண்டுதான்... எங்கட பிள்ளை ஒண்டு எண்டால் நாங்கள் போடமாட்டமே? வித்தியாசம் பாக்கக்கூடாது எண்டுதான் போட்டனான்."

"உங்கட மதிப்பால அவளின்ர தங்கச்சியின்ர வாழ்க்கை போட்டுது."

"அது அவையின்ர அரசாங்கம் செய்யிற அநியாயம். அதுக்கு நான் என்ன செய்ய?"

அதுதான் என்னை முற்றாகக் கிளப்பியது. "அண்ணை, இஞ்ச இலங்கை அரசாங்கத்துக்கு எதிரா ஊர்வலத்துக்குப் போகேக்கை தொப்பியும் மப்ளரும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போனது ஆர்? வெயில் காலத்தில மப்ளர்! ஊரில தம்பி இருக்கிறான், எம்பஸிக்காரன் படம் எடுக்கிறான் எண்டு குடைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டது ஆர்? உங்கட தம்பிக்கு மட்டும் கழுத்து இருக்கு, அவளின்ர தங்கச்சிக்கு இல்லையோ?"

கடைக்குள் எல்லோரும் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. ஒரு கணம் பாவமாகவும் இருந்தது. பிறகு அவர், "ஆயிரக்கணக்கில ஆக்கள் பாத்திருக்கினம், ஒருத்தரும் ஒரு பிழையும் சொல்லேல்லை" என்றார். பாவம் பறந்துபோனது.

"இப்ப அழியுங்கோ. எனக்கு முன்னால அழியுங்கோ. எல்லாத்தையும்."

அவருக்கு அழிக்கத் தெரியவில்லை. ஏற்றத் தெரிந்தவருக்கு இறக்கத் தெரியவில்லை. மரக்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, கைபேசியில் தட்டித் தட்டி, கடைசியில் அழித்தார். அங்கேயே நின்று வீடியோக்காரருக்கும் தொலைபேசி எடுத்தேன். வழக்குப் போடுவேன், பொலிசுக்குப் போவேன் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அந்த மனிதர் பயந்து, அன்றைக்கே தன்னிடமிருந்த மூலப் பதிவையும் அழித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். விழா முழுவதும் போய்விட்டது, மங்கல விளக்கும் வாழ்த்துரைகளும் சேர்த்து. அதுதான் மலர்க் குழுவிடம் படம் இல்லாத காரணம்.

வீட்டுக்கு வந்து அபிராவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். "டூ லேட், அம்மா." பிறகு, சங்கத்து அணிக்கு இனிப் போகமாட்டேன் என்றாள். தமிழ்ப் பள்ளிக்கூடம், நடன வகுப்பு என்று ஒவ்வொன்றாக விட்டவள் இந்த அணியை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். அந்த அணிக்குள்தான் எங்கள் பிள்ளைகளோடு தமிழில் நாலு சொல் பேசுவாள். "தே டோன்ட் லிஸன்" என்றாள். அவள் சொன்ன 'அவர்கள்' என்பதற்குள் நானும் இருந்தேனா என்று கேட்கவில்லை.

7

இதை நான் எழுதுவது வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில். நேற்று மஹ்னாஸ் வந்தாள். அவளுடைய கேள்வி எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

"அந்த வீடியோ உன்னிடம் இருக்கிறதா?"

அழித்துவிட்டோம், ஒன்றும் மிச்சமில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், நீ பயப்படாதே என்று சொன்னேன். அவள் தலை குனிந்தாள்.

இலாஹே கழக அலுவலகத்திலிருந்து வந்த அன்று, வீட்டில் அழுதுகொண்டே, எதற்காகத் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று அப்பாவுக்குக் காட்டியிருக்கிறாள். அப்போது அது இன்னும் முகநூல் பக்கத்தில் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாராம். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து வைக்கச் சொன்னாராம். சின்ன மகள் பக்கத்தில் அழுகிறாள், பெரிய மகள் திரையில் ஓடுகிறாள், அவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? "இவள் இப்படியா ஆடுவாள்" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த நாள் திரும்பவும் கேட்டிருக்கிறார். அதற்கடுத்த நாள் கேட்டபோது திரையில் ஒன்றும் இல்லை.

"அவருக்கு இப்போது வயது போய்விட்டது" என்றாள் மஹ்னாஸ். "ஒரு பிரதி இருந்தால் அனுப்பலாம் என்று நினைத்தேன்."

நான் உடனே வீடியோக்காரருக்கு எடுத்தேன். "அக்கா, நீங்கள்தானே கத்தினனீங்கள்? கார்ட்டை அழிச்சு, அதுக்கு மேல ஒரு கலியாண வீடும் எடுத்திட்டன்" என்றார். தவராசா அண்ணைக்கு எடுத்தேன். அவர் அழுவதுபோல் இருந்தது. "எனக்கு முன்னால அழியுங்கோ எண்டு நிண்டது நீர்தானே தங்கச்சி" என்றார். தொலைபேசியை வைத்தேன். அவர் போட்டதற்கு என்னிடம் ஏச்சு இருந்தது. நான் அழிப்பித்ததற்கு ஏச என்னிடம் ஆள் இல்லை.

மஹ்னாஸ் போகவில்லை, இன்னும் நின்றாள். வேறு ஏதோ இருந்தது.

"ஒரு இடத்தில் இருக்கிறதாம்" என்றாள். "கழக அலுவலகத்தில். அவர்கள் தங்கள் கணினியில் சேமித்து வைத்துத்தான் தங்கைக்குக் காட்டினார்கள். என் பெயரில் ஒரு கோப்பே இருக்கிறதாம். அப்பா அங்கே போகப் போகிறார்."

"எதற்கு?"

"ஒரு பிரதி கேட்க."

சனிக்கிழமை அங்கே வேலை நாள். நாளைக்குக் காலையில் போகிறாராம். வேண்டாம் என்று சொல்லு, மறித்துப் போடு, தங்கையிடம் சொல்லிக் கதவைப் பூட்டச் சொல்லு என்று நான் அந்த வரவேற்பு மேசையில் நின்று கத்தினேன். நீச்சலுக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன்" என்றாள். "சட்டை அயர்ன் பண்ணி வைத்திருக்கிறாராம். இனி எங்களிடமிருந்து அவர்கள் எடுக்க என்ன இருக்கிறது, நான் உள்ளே போய் என் மகள் விளையாடியதைத் தாருங்கள் என்று கேட்கிறேன், என்கிறார்."